நூலகம் தளத்தில் என் பள்ளிக்கூடத்தைத் தேடிய கதை

போன மாதம் மூன்று இரவுகள் என் நித்திரையைக் கெடுத்தது நூலகம் என்கிற இணையத் தளம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் விழா, அதற்கொரு மலர், மலரில் பள்ளியின் வரலாறு என்று பத்துப் பக்கம், அதை எழுதுகிறவன் நான். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு நேரத்தோடு போய் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். அதிபரிடம் கேட்டேன். பாவம், 1990க்கு முந்திய ஒரு கொப்பிகூடத் தன்னிடம் இல்லை என்றார். எப்படி இருக்கும்? அந்த வருடம் ஜூனில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியபோது அலுமாரியையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? பிறகு வேறு ஊரில் கொட்டில் போட்டு நடந்த பள்ளிக்கூடம் 1995 ஒக்டோபர் கடைசியில் இன்னொரு தரம் எழும்பி ஓடியது. வரவுப் பதிவேடு, சம்பவத் திரட்டு, பரிசளிப்பு விழா அறிக்கைகள், மண்டபச் சுவரில் மாட்டியிருந்த அதிபர்மாரின் படங்கள், எல்லாம் போனது போனதுதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, ஏறக்குறைய 97,000 நூல்கள் என்ற கணக்கும் எல்லோருக்கும் பாடம். பள்ளிக்கூட அலுமாரிகளுக்கு அப்படிக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

சரி, தளத்துக்கு வருகிறேன். 2005இல் தொண்டர்கள் சேர்ந்து தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து போடுகிறார்கள். காசு கேட்பதில்லை, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண், கீழே ‘வாசிக்க’ என்று பி.டி.எஃப்., அதற்கும் கீழே பெரும்பாலும் உள்ளடக்கப் பட்டியல். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து போட்ட கைகளுக்குத்தான் முதலில் கும்பிட வேண்டும், ஏனென்றால் நான் கண்டுபிடித்ததில் பாதி அதன் வழியாகத்தான் அகப்பட்டது.

எங்கள் பள்ளியின் மலர் ஒன்றுகூட அகப்படவில்லை. அதற்குத் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் யாரும் கொடுக்கவில்லை, வேறென்ன. பெரிய கல்லூரிகளின் நிலைமை வேறு. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது, உடுவில் பெண்கள் பள்ளி 1824இல். அந்த அமெரிக்க மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌடன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒழுங்கையில் இருந்த எங்கள் பள்ளிக்கு எந்த அமெரிக்கர் அறிக்கை எழுதினார்?

இரண்டாம் இரவுதான் புத்தி வந்தது. பள்ளியின் பெயரைத் தேடக் கூடாது, ஆட்களைத் தேட வேண்டும். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலர் இருக்கிறதே, ஊரில் கல்வெட்டு என்போம், வீட்டுக்கு வந்ததும் தேவாரப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் போடுவோமே, அவை நூலகத்தில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கல்வெட்டைத் திறந்தால் எந்த வருடம் எந்தப் பள்ளியில் படிப்பித்தார், யார் அதிபராக இருந்தபோது மாற்றலாகி வந்தார், எந்த மண்டபத்துக்குக் காசு சேர்த்தார் என்று எல்லாம் இருக்கும். நாலு கல்வெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எங்கள் அதிபர்மாரின் வரிசையில் இரண்டு பேரைத் தவிர மிச்சம் எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்னொரு வழி அயல் பள்ளிகளின் மலர்கள். அவர்களுடைய உதைபந்தாட்ட அறிக்கையில் நாங்கள் தோற்றது ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிந்தாலும் தேதி கிடைக்கிறது.

தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பள்ளியின் இன்றைய பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளின் பெயர் மாறியது. மகா வித்தியாலயம் என்று தேடினால் வராதது ‘அ.மி.த.க. பாடசாலை’ (அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன் பாடசாலை) என்று தேடினால் வரும். அதுவும் இல்லையென்றால் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள்.

படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் இவர்களே ஆவணகம் என்று தனியாக ஒரு தளம் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கலாமே என்று நாங்களும் படம் சேர்க்கத் தொடங்கினோம். அங்கேதான் ஒரு கூத்து நடந்தது, அதற்கும் நூலகத்துக்கும் சம்பந்தமில்லை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸ்டூடியோவில் நடந்தது. சாதாரண தர வகுப்புக் குழுப்படம் ஒன்று, தடித்த மட்டையில் ஒட்டியது, கீழே ‘இருப்போர் இடமிருந்து வலம்’, ‘நிற்போர் முதலாம் வரிசை’ என்று பெயர்கள், கடைசியில் ‘சமுகமளிக்காதோர்’ என்று மூன்று பேர். ஸ்கான் செய்து தாருங்கள் என்று கொடுத்தோம். அந்தத் தம்பி நல்ல மனதோடு கறையை நீக்கி, முகங்களை வெளுப்பாக்கி, மட்டை அழகில்லை என்று வெட்டி எறிந்துவிட்டு, படத்தை லாமினேட் செய்து கையில் தந்தார். முப்பத்தெட்டுப் பேர் பளபளவென்று நிற்கிறார்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை. வராத மூன்று பேரும் குப்பைக்கூடைக்குள். லாமினேட் செய்தால் பிறகு கழற்றவும் முடியாது, கழற்றினால் படமும் சேர்ந்து வரும்.

அதற்குப் பிறகு நாங்களே செய்கிறோம். சின்னப் படமென்றால் ஸ்கானரில் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), அச்சுப் பக்கத்துக்கு 300 போதும். மட்டையோடும் ஓரத்தோடும் எடுக்கிறோம், படத்தைப் புரட்டிப் பின்பக்கத்தையும் எடுக்கிறோம், ஏனென்றால் தேதியும் ஸ்டூடியோ முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கறை இருந்தால் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் படமாக அனுப்பாதீர்கள், கோப்பாக அனுப்புங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துவிட்டது, இல்லாவிட்டால் அது நசித்துத்தான் அனுப்பும்.

பொருள்களில் எனக்குப் பிடித்தது, லண்டனில் இருக்கும் ஓர் அக்கா வைத்திருந்த மாணவ தலைவர் சின்னம். பின்னூசி கறள் பிடித்து, நீலப் பூச்சில் பாதி உரிந்து போய் இருக்கிறது. 1995இல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட இரவு சட்டையில் குத்தியிருந்தது, கழற்ற மறந்துவிட்டேன் என்றார். அவரை ஒரு மணித்தியாலம் பேச விட்டுப் பதிவு செய்தோம். பள்ளி மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு என்பதும், அது வேப்ப மரத்தில் தொங்கியது என்பதும் அதில்தான் வந்தது. கேட்டுவிட்டு இன்னொருவர், இல்லை, புளியமரம் என்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நட்சத்திரம் போடச் சொன்னால் நூலகத்துக்கு ஐந்துக்கு ஐந்து, தயக்கமே இல்லை. பழைய மாணவர்களான எங்களுக்கு இரண்டு, அதுவும் அந்த அக்காவின் முகத்துக்காக. ரொறன்ரோவிலும் பரிசிலும் வருடத்துக்கொரு இராப்போசன விருந்து வைக்கிறோம், அலுமாரி மேலே இருக்கிற சூட்கேசை மட்டும் இறக்கிப் பார்க்க மாட்டோம். அதற்குள் இராமபாணம் பூச்சி எங்களுக்கு முதல் போய்விடுகிறது.

கடைசியாக, நோர்வேயில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவனிடமிருந்து 1978ஆம் ஆண்டு மலர் ஒன்று அகப்பட்டிருக்கிறது. அட்டை இல்லை. 17 முதல் 20 வரையான பக்கங்களும் இல்லை. விளையாட்டுப் போட்டி முடிவுகள் அந்த நாலு பக்கத்தில்தான், அந்த வருடம் வென்றது நாவலர் இல்லமா விபுலானந்தர் இல்லமா என்று குழுவில் மூன்று கிழமையாக அடிபாடு. இந்த மலர் யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கங்களை அனுப்புங்கள். மலரை நூலகத்துக்குக் கொடுப்பதற்கு முதல் அதை முழுமையாக்க வேண்டும். அதோடு, நான் நாவலர் இல்லம்.