மூணு மாச ஃபிட்னஸ் ட்ரெய்னர் கோர்ஸ், 56,640 ரூபாய், போலாமா வேணாமா?

இன்ஸ்டிட்யூட் பேரு போட மாட்டேன், மொதல்லயே சொல்லிடறேன். திட்டவும் போறேன், பாராட்டவும் போறேன், எதுக்கு வம்பு. சென்னையில மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டாவது மாடி, கீழ பிரியாணி கடை. இந்த மாதிரி கோர்ஸ் நடத்துற இடம் இப்ப ஊர்ல நெறைய இருக்கு, நான் சொல்ற விஷயம் பாதிக்கு மேல எல்லா இடத்துக்கும் பொருந்தும்னு நெனைக்கிறேன்.

நான் ஆறு வருஷம் மெடிக்கல் கோடிங்ல இருந்தவ. அமெரிக்கா ஆஸ்பத்திரி சார்ட்டை படிச்சு படிச்சு நோய்க்கு நம்பர் போடுற வேலை. ஈ லெவன்னா டைப் 2 சுகர், ஐ டென்னா பிபி, எம் செவன்டீன்னா முட்டி தேய்மானம். இந்த மூணு நம்பரை எத்தன ஆயிரம் தடவை அடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. உக்காந்து உக்காந்து எனக்கே 14 கிலோ ஏறிப்போச்சு, அப்பறம் ஜிம் போய் கொறைச்சேன், கொறைச்சதும் எல்லாருக்கும் வர்ற அதே ஆசை எனக்கும் வந்துச்சு, இதையே தொழிலா பண்ணா என்னன்னு. வீட்ல அம்மா "ஏசி ரூம் வேலைய விட்டுட்டு தண்டால் எடுக்க சொல்லித்தர போறியா"ன்னு ஒரு வாரம் பேசல.

ஃபீஸ் கதை. போன்ல பேசின கவுன்சிலர் பொண்ணு 48,000ன்னு சொல்லுச்சு. நேர்ல போய் கார்டு தேய்க்கும்போதுதான் "ப்ளஸ் ஜிஎஸ்டி மேம்"னு 18 சதவீதம், ஆக 56,640. அதுக்கு மேல டி-ஷர்ட்டுக்கு தனியா 900. "100 பர்சன்ட் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"னு போஸ்டர்ல பெருசா போட்டிருக்கும், அதுல அசிஸ்டன்ஸ்ங்கற வார்த்தைய நல்லா படிங்க, நான் படிக்கல.

இப்ப நல்ல விஷயத்துக்கு வரேன், ஏன்னா அது நெஜமாவே நல்லா இருந்துச்சு. அனாட்டமி எடுத்தவர் ஒரு பிசியோ. காலையில கிளினிக், சனி ஞாயிறு எங்க கிளாஸ். பிபிடிங்கற பிசியோதெரபி டிகிரி படிச்சுட்டு இந்த ஃபீல்டுல பல வருஷம் ஊறினவர். புரொஜெக்டர் போட்டு ஸ்லைடு ஓட்டுற ஆளே இல்ல, ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் எடுத்து பையன் ஒருத்தனை சட்டைய கழட்ட சொல்லி அவன் தோள்பட்டை மேலயே வரைவார். தோள் மூட்டை சுத்தி ரொட்டேட்டர் கஃப்னு நாலு தசை இருக்கே, சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ், அத புக்குல படிச்சா தூக்கம்தான் வரும். இவரு அந்த பையனை கைய பக்கவாட்டுல தூக்க சொல்லி, இப்ப எந்த எலும்புக்கு கீழ எந்த தசைநார் நுழைஞ்சு போகுது, கட்டை விரலை கீழ பாக்க வெச்சுட்டு தூக்குனா அங்க இடம் எப்படி கம்மியாகுது, ஜிம்ல பாதி பசங்க ஏன் தோள் வலி தோள் வலின்னு அலையறாங்கன்னு பத்தே நிமிஷத்துல காட்டிட்டார். நான் சார்ட்ல வெறும் நம்பரா பாத்த விஷயம் எல்லாம் அன்னைக்குத்தான் உடம்பா தெரிஞ்சுது. ஸ்குவாட் சொல்லித்தரும்போது "முட்டி கால் விரலை தாண்டவே கூடாது"ன்னு எவனாவது சொன்னா அவனை மாடிப்படி இறங்க சொல்லுங்கன்னார், தாண்டாம எறங்க முடியுதான்னு பாப்போம்னு. இந்த ஒரு மனுஷனுக்காக மட்டும் பாதி ஃபீஸ் ஓகேன்னு சொல்லுவேன்.

ஃபிசியாலஜி, ப்ரோக்ராம் டிசைன் எல்லாம் வேற கோச். ஆள் நல்ல பில்டு, போட்டி மேடை எல்லாம் ஏறினவர். செட், ரெப், ரெஸ்ட், வாரா வாரம் எப்படி லோடு ஏத்தணும், இதெல்லாம் தெளிவாவே எடுத்தார், கொறை சொல்ல முடியாது. ஆனா அவரு மனசுல இருக்கற கிளையன்ட் ஒரே ஆளு. 25 வயசு, ஆம்பள, எந்த வியாதியும் இல்ல, சிக்ஸ் பேக் வேணும். எந்த உதாரணம் எடுத்தாலும் அந்த ஆளுதான் வருவான்.

ஒரு நாள் ஹார்ட் ரேட் கிளாஸ். 220ல வயச கழிச்சா மேக்ஸிமம், அதுல இத்தன சதவீதம் டார்கெட், எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான். நான் கை தூக்கி, சார் பிபிக்கு மெட்டோப்ரோலால், அட்டினலால் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு இந்த கணக்கு எப்படி வரும்னு கேட்டேன். ஏன்னா இதெல்லாம் பீட்டா பிளாக்கர்ங்கற வகை, அதோட வேலையே இதய துடிப்ப அமுக்கி வெக்கிறதுதானே, 58 வயசு அம்மாவுக்கு 162ன்னு கணக்கு போட்டு அதுல 70 சதவீதம், அதாவது 113 வர வரைக்கும் ஓட விட்டா, மாத்திரை அத ஏற விடாது, அந்தம்மா நாக்கு தள்ளி நிப்பாங்க, மெஷின் மட்டும் இன்னும் ஈஸின்னு காட்டும். கோச் ஒரு நிமிஷம் பாத்தார். "அதெல்லாம் அட்வான்ஸ்டு மா, டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வர சொல்லிடுங்க"ன்னுட்டு அடுத்த ஸ்லைடு போயிட்டார். லெட்டர் வாங்கறது சரிதான், நான் தப்புன்னு சொல்லல. ஆனா நம்ம ஊர் லெட்டர்ல "எக்சர்சைஸ் செய்யலாம்"னு ஒரு வரிதான் இருக்கும், அப்பறம் என்ன செய்யறதுன்னு நாமதான முழிக்கணும்?

பதில் கெடச்சது டீக்கடையில, பிசியோ சார்கிட்ட. நம்பர விடு, போர்க் ஸ்கேல் எடுத்துக்கோன்னார். 6ல இருந்து 20 வரைக்கும், எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு அவங்களே சொல்லணும், 12, 13 கிட்ட நிறுத்து. ஏன் 6ல ஆரம்பிக்குதுன்னு கேட்டதுக்கு, பக்கத்துல ஒரு சைபர் போட்டு பாரு, 60ல இருந்து 200, சும்மா இருக்கற நெஞ்சு துடிப்புல இருந்து உச்சம் வரைக்கும்னு சிரிச்சார். அதுவும் புரியலன்னா பேச்சு டெஸ்ட் வெச்சுக்கோ, பக்கத்துல நடக்கறவங்ககிட்ட பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அதான் மிதமான வேகம். சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுக்கறவங்க வெறும் வயித்துல வந்து ஆடினா சுகர் எறங்கிடும், 70க்கு கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ் குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக் பண்ணுன்னார். எடை தூக்கும்போது மூச்ச புடிச்சா பிபி சட்டுன்னு எகிறும், அதனால தூக்கும்போது எண்ண சொல்லு, எண்ணினா மூச்ச புடிக்க முடியாதுல்லன்னார். ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி. 56,640க்கு கெடைக்காதது 40 ரூபாய்க்கு கெடச்சுது.

சிலபஸ்ல இதுக்கு பேரு "ஸ்பெஷல் பாப்புலேஷன்ஸ்". ஒதுக்கின நேரம் அரை நாள். அதுக்குள்ள கர்ப்பிணி, வயசானவங்க, சுகர், பிபி, ஆர்த்ரைட்டிஸ் எல்லாம். 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுப்படி நாட்டுல சுமார் 10 கோடி பேருக்கு சுகர் இருக்கு, 13 கோடிக்கு மேல வர்ற நெலமையில இருக்காங்க. இதுல எவங்க ஸ்பெஷல், எவங்க சாதாரணம்னு நீங்களே சொல்லுங்க.

சிபிஆர், அதாவது இதயம் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கற முதலுதவி, அந்த கிளாஸ் அரை நாள், வெளியில இருந்து ஆள் வந்தாங்க, நல்லா இருந்துச்சு. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அமுக்கு, ஆழம் 5 சென்டிமீட்டராவது, 30 அமுக்கு 2 மூச்சு. ஆனா 22 பேருக்கு ஒரே ஒரு பொம்மை. ஆளுக்கு நாலு நிமிஷம் கூட கெடைக்கல.

நியூட்ரிஷன் பத்தி அதிகம் பேச வேணாம். ஓட்ஸ், ப்ரோக்கோலி, சிக்கன் பிரெஸ்ட், வே ப்ரோட்டீன். கீழ கடையில தம் ஒடைக்கிற வாசனை மேல வர்ற நேரத்துல ப்ரோக்கோலி ஸ்லைடு பாக்கறது தனி சித்திரவதை. இட்லி, பொங்கல், ரசம் சாதம் சாப்பிடற ஆளுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டா "கார்ப்ஸ் கட் பண்ணுங்க". நம்ம நாட்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) சொல்ற அளவு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.83 கிராம் ப்ரோட்டீன், 65 கிலோ ஆளுக்கு 54 கிராம் கிட்ட வரும், அதுக்கு எவ்ளோ பருப்பு, எவ்ளோ முட்டை, எவ்ளோ சுண்டல்னு ஒரு கணக்கு போட்டு காட்டியிருந்தா எவ்ளோ பிரயோஜனமா இருந்திருக்கும். கடைசியில பாத்தா கிளாஸ் எடுத்தவரே சப்ளிமென்ட் டீலர், முடிஞ்சதும் டிஸ்கவுன்ட் கூப்பன் குடுத்தார். ஒரு விஷயம் மட்டும் சரியா சொன்னாங்க, ட்ரெய்னர் டயட் பத்தி பொதுவா பேசலாம், ஆனா நோயாளிக்கு டயட் எழுதி குடுக்கறது நம்ம வேலை இல்ல, அது டயட்டீஷியன் வேலைன்னு.

இன்டர்ன்ஷிப்னு ஒரு மாசம் ஒரு ஜிம்முக்கு அனுப்பினாங்க. மொத ரெண்டு வாரம் மத்தவங்க போட்டுட்டு போன பிளேட்டை எடுத்து அடுக்கறதுதான் வேலை. சத்தியமா சொல்றேன், அதுல கூட கத்துக்கிட்டேன், யார் எவ்ளோ தூக்கறாங்க, யார் எந்த மெஷின் பக்கமே போக மாட்டேங்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். மூணாவது வாரம் லேடீஸ் டைம், காலையில 10 டு 12, என்னை நிக்க வெச்சாங்க. மொத நாளே ஒரு அக்கா வந்தாங்க, 54 வயசு, 12 வருஷமா சுகர், பிபி, ரெண்டு முட்டியும் வலி. ஈ லெவன், ஐ டென், எம் செவன்டீன் மூணும் சேர்ந்து சுடிதார் போட்டுக்கிட்டு நடந்து வந்து நிக்குது எனக்கு முன்னாடி! ஃப்ளோர் ட்ரெய்னர் பையன் அவங்கள நேரா கிராஸ் ட்ரெய்னர் மெஷின்ல ஏத்தி 20 நிமிஷம்னு போட்டுட்டு போன் பாக்க போயிட்டான். நான் எறக்கி, நாற்காலி போட்டு உக்கார்ந்து எந்திரிக்க வெச்சேன், எட்டு தடவை, ரெண்டு செட். "இவ்ளோதானாம்மா?"ன்னாங்க. மறுநாள் வந்தாங்க, அதான் முக்கியம்.

சர்டிஃபிகேட் விஷயத்துல உஷாரா இருங்க. "இன்டர்நேஷனல் சர்டிஃபிகேஷன்"னு சொல்லிதான் சேத்தாங்க. கையில வந்தது அந்த இன்ஸ்டிட்யூட்டோட சொந்த டிப்ளமோ. ஏசிஇ, என்ஏஎஸ்எம் மாதிரி அமெரிக்க சர்டிஃபிகேட் வேணும்னா அந்த எக்ஸாம் தனி, பணம் தனி, இவங்க கோச்சிங் மட்டும்தான். ஏசிஇ எக்ஸாம் 150 கேள்வி, மூணு மணி நேரம், 800க்கு 500 எடுத்தா பாஸ், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்கும் கிளாஸ் அட்டென்ட் பண்ணணும், அதுக்கும் காசு. நம்ம நாட்டுல ஸ்கில் இந்தியா கீழ விளையாட்டு, ஃபிட்னஸுக்குன்னே ஒரு ஸ்கில் கவுன்சில் இருக்கு, அந்த சர்டிஃபிகேட் கெடைக்குமான்னு அட்மிஷன் முன்னாடியே எழுத்துல கேளுங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க. ஸ்கூல்ல பிடி டீச்சர் ஆகணும்னு கனவு இருக்கறவங்க இந்த பக்கமே வராதீங்க, அதுக்கு பிபிஎட்ங்கற உடற்கல்வி டிகிரி வேணும், 1920ல ஆரம்பிச்ச நந்தனம் ஒய்எம்சிஏ காலேஜ் இருக்கு, மேலக்கோட்டையூர்ல இதுக்குன்னே கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டியே இருக்கு. இந்த மூணு மாச பேப்பர அங்க ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.

பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்னா ஒரு வாட்ஸ்அப் குரூப். எனக்கு வந்த ஆஃபர் 14,000, காலையில அஞ்சரை டு பத்து, சாயங்காலம் நாலரை டு ஒன்பதரை, நடுவுல வீட்டுக்கு போய்ட்டு வர பஸ் சார்ஜ் நம்மளது. அதோட பர்சனல் ட்ரெய்னிங் பேக்கேஜ் மாசம் இத்தன விக்கணும்னு டார்கெட் வேற. கோடிங்ல நான் வாங்கினதுல பாதி கூட இல்ல. பேட்ச்ல இருந்த 22 பேர்ல இன்னும் இந்த வேலையில இருக்கறது எனக்கு தெரிஞ்சு ஒன்பது பேர். நாலு பொண்ணுங்க படிச்சோம், நாலு பேரும் இருக்கோம், ஏன்னா லேடி ட்ரெய்னருக்கு கிராக்கி ஜாஸ்தி, அது மட்டும் கவுன்சிலர் சொன்ன நெஜம்.

நான் ஜிம் வேலை எடுக்கல. போரூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல காலையில ஆறரைக்கு ஒரு பேட்ச், 11 பேரு, எல்லாரும் 45க்கு மேல. ஒரு அக்கா கவர்ன்மென்ட்டோட "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்து எட்டு கிலோமீட்டர் ரூட்டுல பெசன்ட் நகர்ல நடந்துட்டு வந்து முட்டி புடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சதுதான் இது. மொத நாளே எல்லார்கிட்டயும், உடம்புல ஏதாவது பிரச்சனை இருக்கான்னு கேக்கற பார்-க்யூ ஃபார்ம் வாங்கினேன், இத சொல்லித்தந்த கோர்ஸுக்கு நன்றி, ஆனா பத்து பேரு எல்லா கேள்விக்கும் "இல்ல"ன்னு டிக் போட்டுட்டாங்க. மாத்திரை டப்பாவ எடுத்துட்டு வாங்கன்னு சொன்னப்பறம்தான் உண்மை வெளிய வந்துச்சு, ஏழு பேருக்கு பிபி மாத்திரை. ஃபார்ம் நீட்ட கத்துக்குடுத்தாங்க, டப்பா கேக்க யாரும் கத்துக்குடுக்கல.

அதனால, இளவட்ட பசங்களுக்கு மசில் ஏத்தற ட்ரெய்னர் ஆகணும்னா தாராளமா சேருங்க, வெலை கூடதான், ஆனா பேஸ் நல்லா போடறாங்க. வயசானவங்க, வியாதி இருக்கறவங்க கூடதான் வேலை பாக்கணும்னு என்னை மாதிரி நெனைக்கிறவங்க, அந்த ஸ்பெஷல் பாப்புலேஷன்ஸ் எத்தன மணி நேரம்னு கேட்டுட்டு பணம் கட்டுங்க, அரை நாள்னு சொன்னா இங்க சேராம, அனாட்டமி கிளாஸ் மட்டும் தனியா வேற எங்க கெடைக்குதுன்னு பாருங்க. சேர்றதா இருந்தா பிசியோ எடுக்கற பேட்ச்சான்னு கன்ஃபார்ம் பண்ணிக்கோங்க, வார நாள் பேட்ச்சுக்கு வேற ஆளாம்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். 900 ரூபாய் டி-ஷர்ட் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, ஒன்றரை வருஷமா வாரத்துக்கு நாலு நாள் தொவைக்கிறேன், இன்னும் சாயம் போகல.