மூன்றடுக்கு சாக்லேட்–பெர்ரி கேக்: சேலத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கறுத்த கேக், இடையில் ரத்தச் சிவப்பில் பெர்ரி, மேலே வழியும் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு). படத்தில் கம்பீரமாக நிற்கும் இந்த கேக் நம் வீட்டில் சரிந்தால் அதற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை. பழம் விடும் தண்ணீரும் வெயிலில் இளகும் கொழுப்பும்தான் காரணம். கோகோ பட்டர் 34 டிகிரியை ஒட்டி உருகும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துச் சமையலறை பகலில் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். அதனால் கடையில் கிடைக்கும் பொருள்களை ருசியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்தச் சூட்டில் நிற்குமா என்பதையும் சேர்த்தே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் கிரீம். காசு அதிகம் வீணாவது இதில்தான். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நிற்காது. காற்றுக் குமிழைப் பிடித்து வைக்க 30 சதவீதமாவது வேண்டும். கனாஷுக்கு ஃப்ரெஷ் கிரீமே தாராளமாகப் போதும், அதற்கு விலை கூடிய கிரீம் தேவையே இல்லை. அதே நிறுவனத்தின் விப்பிங் கிரீம் 30 சதவீதம். பால் ருசி அருமை. ஆனால் 8 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால்தான் மேலேறும். கிண்ணத்தையும் பீட்டர் கம்பியையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஐஸ் கட்டிகளின் மேல் கிண்ணத்தை இருத்தி அடிக்க வேண்டும். இத்தனை செய்தாலும் சேலத்தின் கோடையில் மேசைமேல் வைத்த சிறிது நேரத்தில் விளிம்பு வழியத் தொடங்கும்.

ரிச்ஸ் போன்ற பால் கலக்காத டாப்பிங் வேறு வகை. தாவரக் கொழுப்பு, ஏற்கெனவே இனிப்பு சேர்த்தது, அடித்தால் மூன்று மடங்குக்கு மேல் பொங்கும், சூட்டிலும் வடிவம் கலையாது. குறை ஒன்றுதான்: நாக்கில் மெழுகு பூசினாற்போல் ஒட்டும். எங்கள் தீர்ப்பு, 7 அங்குல கேக்குக்கு 240 மில்லி டாப்பிங், 120 மில்லி பால் விப்பிங் கிரீம், இரண்டையும் சேர்த்தே அடிப்பது. நிற்கும் பலம் முதலாவதிலிருந்து வருகிறது, ருசி இரண்டாவதிலிருந்து. சர்க்கரை சேர்க்க வேண்டாம். டாப்பிங்கை ஃப்ரீசரிலிருந்து முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து அவசரமாக உருக்கினால் பாதி பொங்கி நின்றுவிடும். கம்பியைத் தூக்கும்போது நுனி லேசாக வளைந்தால் அடிப்பதை நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் ஓட்டை ஓட்டையாக, பஞ்சுபோல ஆகி, பூசும்போது மழமழப்பே வராது.

கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை ஃப்ரீசர். உறைந்த பெர்ரி பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். பழங்கள் தனித்தனியாக உருண்டால் சரி. ஒரே கட்டியாக இருந்தால், கரண்ட் போனபோது உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். டாப்பிங் பெட்டியின் மேல் ஐஸ் படலம் தடிமனாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஐந்து ரோடு பக்கம் வாங்கினாலும் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக வாங்கினாலும், பையில் ஐஸ் பேக் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பெர்ரியில் பலரும் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். அடுக்குக்குள் வைக்க விலை கூடிய ஃப்ரெஷ் ஸ்ட்ராபெர்ரி, மேலே அலங்கரிக்க டின் பழம். மாற்றிச் செய்யுங்கள். உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால், உருகியதும் சாறும் நிறமும் தானாக வெளியே வரும். அந்தச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கலாம். பச்சையாக நறுக்கி உள்ளே வைத்த பழம் கிரீமுக்குள்ளேயே தண்ணீர் விட்டு, மறுநாள் நடு அடுக்கை வழுக்கித் தள்ளிவிடும். ஊட்டி, கொடைக்கானல், மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி டிசம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும்போது, கழுவித் துணியால் ஒற்றி, பரிமாறுவதற்குச் சற்று முன் முழுசாக மேலே வையுங்கள்.

பாட்டிலில் வரும் பழ கிரஷ் இந்த வேலைக்கு ஆகாது: சர்க்கரைப் பாகுதான் அதிகம், புளிப்பு கிடையாது. பேக்கரி அலங்காரத்துக்கு விற்கும் சிவப்பு ‘செர்ரி’ பெரும்பாலும் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய். அதை வைத்து பெர்ரி கேக் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பெர்ரியைக் கெட்டியாக்க நம் ஊரில் கிடைப்பதைவிட நல்ல பொருள் எங்கும் இல்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஸ்டார்ச். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நாடு முழுக்கப் போகின்றன. நாமோ அட்டைப் பெட்டிச் சோளமாவை வாங்கிக்கொண்டிருக்கிறோம். சோளமாவு பழத்தின் நிறத்தை மங்கலாக்கும், ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தண்ணீர் பிரியும். குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் கண்ணாடிபோலத் தெளியும், குளிரிலும் பிரியாது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு வேறு, அதில் நார் இருக்கும். விரலில் தேய்த்தால் மழமழவென்று வழுக்கும் தூய வெள்ளை ஸ்டார்ச்தான் வேண்டும்.

அளவு: உறைந்த ஸ்ட்ராபெர்ரி 300 கிராம், ப்ளூபெர்ரி 150 கிராம், சர்க்கரை 90 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஸ்டார்ச் 15 கிராம், அதைக் கரைக்க 30 மில்லி குளிர்ந்த தண்ணீர். பழத்தை வடிகட்டியில் உருகவிட்டு, சாற்றைச் சர்க்கரையோடு பாதியாகச் சுண்டவையுங்கள். பழத்தைச் சேர்த்து 5 நிமிடம். எலுமிச்சைச் சாறு, பிறகு கரைத்த ஸ்டார்ச். வெள்ளை மறைந்து பளபளத்ததும் ஒரு நிமிடம் மட்டும் கிளறி இறக்குங்கள். புளிப்போடு நீண்ட நேரம் கொதித்தால் ஸ்டார்ச் உடைந்து மறுபடி தளர்ந்துவிடும், இழுத்தால் நூல்விடும். ஃபிரிட்ஜில் முழுதாகக் குளிர்ந்த பிறகே கேக்கில் வைக்கலாம்.

சாக்லேட்டுக்கு அட்டையைத் திருப்பிப் படித்தால் போதும். கோகோ பட்டர் என்று இருந்தால் உண்மையான சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட். காம்பவுண்டுக்கு டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைச் சூடு பார்த்து ஆற்றிப் பதப்படுத்துவது) வேண்டாம், சூட்டைத் தாங்கும். மேலே செருகும் சுருள், தகடு எல்லாம் அதில் செய்யுங்கள். கனாஷுக்கு 55 சதவீதக் கோகோ உள்ள அமுல் டார்க் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. காசு மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து உருக்காதீர்கள். அந்த இரு கொழுப்புகளும் ஒத்துப்போகாது. கலவை இரண்டையும்விட இளகலாகும், மேலே சாம்பல் பூக்கும்.

கோகோ தூளில் சாதாரண வகை புளிப்பும் இளம்பழுப்பும். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகைதான் இந்த கேக்கின் கறுப்புக்கு உரியது. அதில் புளிப்பு இல்லாததால் சமையல் சோடாவை வேலை செய்ய வைக்கத் தயிர் வேண்டும். மூன்று 7 அங்குல அடுக்குக்கு: மைதா 225, சர்க்கரை 320, டச்சு கோகோ 75 கிராம், சோடா ஒன்றரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 2, தயிர் 160 கிராமை 80 மில்லி தண்ணீரில் கடைந்தது, எண்ணெய் 120 மில்லி, கடைசியாகச் சூடான காபி 240 மில்லி. வீட்டு மோரை அப்படியே ஊற்றினால் நீர்த்துப்போகும். காபிக்குச் சிக்கரி கலக்காத ஏற்காட்டுத் தூள் வாங்குங்கள். சிக்கரியின் கருகல் கசப்பு கோகோவை அமுக்கிவிடும். மாவு ஊற்றும் பதத்தில் தளர்வாகத்தான் இருக்கும், பயந்து மைதா சேர்க்க வேண்டாம். அச்சுக்குச் சுமார் 430 கிராம், 170 டிகிரி, 28 முதல் 32 நிமிடம்.

சின்ன ஓடிஜி அடுப்பில் இரண்டு அச்சுதான் நுழையும். ஈரம் பட்டதுமே சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும். காத்திருக்கும் மூன்றாவது அச்சு தட்டையாகும். எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, அடுப்பு காலியான பிறகு கலக்குங்கள்.

ஏற்காட்டில் சுடுபவர்களுக்கு இந்த அளவு அப்படியே வராது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. வாயு கூடுதலாக விரிந்து, கேக் வேகும் முன்பே பொங்கி நடுவில் குழிந்துவிடும். சோடாவை ஒரு டீஸ்பூனாகக் குறையுங்கள், சர்க்கரையில் 25 கிராம் எடுத்துவிடுங்கள், தயிர்க் கரைசலில் 30 மில்லி கூட்டுங்கள், சூட்டை 180 ஆக்குங்கள். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் மாவின் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். கிரீம் அடிப்பது மட்டும் சேலத்தைவிட அங்கே பாதி வேலை.

அடுக்கும்போது 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் கிரீம் சேர்த்த கெட்டியான கனாஷால் ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் ஒரு விரல் உயர வரப்பு கட்டி, உள்ளே மெல்லிய கிரீம், அதன்மேல் 180 கிராம் பெர்ரி. மேலே வழியும் கனாஷ் 100க்கு 100. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, குளிர்ந்த கேக்கின் மேல் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் அடித்தட்டுவரை ஓடிவிடும். சேலத்தில் செய்து மலைக்குக் கொண்டுபோவதானால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, நடுவில் மூன்று தடித்த ஸ்ட்ரா செருகுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அடுக்கு நகராமல் இருக்க அதுதான் துணை. பெட்டியைச் சீட்டில் வைக்காமல் வண்டியின் தரையில் வையுங்கள், சீட்டின் சரிவு கேக்கைச் சாய்க்கும். வெட்டுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்து, கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள்.