கடிகாரமா, கூட உட்கார ஓர் ஆளா? தள்ளிப்போடும் வேலைக்கு நான் பார்த்த இரண்டு வழிகள்

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்குப் பிரிப்பது, வெளியூர் பார்சல் கட்டுவது, பாக்கி வசூலுக்குப் போன் போடுவது எதுவும் எனக்குத் தள்ளிப்போகாது. தள்ளிப்போவது பில் என்ட்ரி, அதாவது விற்ற பில்களைக் கணக்கில் ஏற்றுவது, ஒன்றுதான். ஒரு மாத விற்பனை விவரம், அதாவது ஜிஎஸ்டிஆர்-1, அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் படிவம், ஜிஎஸ்டிஆர்-3பி, 20-ம் தேதிக்குள். 3பி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இவ்வளவும் தெரிந்துதான் போன வருடம் மூன்று மாதம் அபராதம் கட்டினேன்.

வீட்டில் இதைச் சோம்பல் என்றார்கள். நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது. கனடாவில் உளவியல் பேராசிரியராக இருந்த திமோதி பிச்சில் பல வருடங்களாகச் சொல்லி வருவது எனக்குச் சரியாகப் படுகிறது: நாம் தள்ளிப்போடுவது வேலையை அல்ல, அதை நினைத்தவுடன் மனதில் வரும் சங்கடத்தை. தள்ளிப்போட்ட அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதிக்கு மனம் பழகிவிடுகிறது.

செல்போனில் வேலைப் பட்டியல் போடும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் போடுவதிலேயே வேலை முடிந்த திருப்தி வந்துவிட்டது. ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.

அப்புறம் கடிகாரம். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் கடைசியில், கல்லூரியில் படிக்கும்போது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் பழகிய முறை இது. தக்காளிக்கு அந்த மொழியில் பொமொடோரோ, அதுவே முறைக்கும் பெயராயிற்று. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. செல்போனில் நேரம் வைத்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் சாவி கொடுக்கிற கடிகாரமாகவே வாங்கினேன். முதல் பத்து நாள் நன்றாகவே போனது. முந்நூறு பில் என்று நினைத்தால் வரும் மலைப்பு, 25 நிமிடம் என்று நினைத்தால் வரவில்லை. இந்த முறையின் பெரிய பலம் அதுதான்.

இரண்டாவது வழி தானாக அமைந்தது. பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் அக்காவுக்கு ஹூக் வைக்கிற வேலை அறவே பிடிக்காது. தைத்து முடித்த பிளவுஸ்கள் ஹூக் இல்லாமல் குவிந்து கிடக்கும். ஒரு நாள் இரவு எட்டரைக்கு, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரம், ஒரு பை நிறையத் துணியோடு வந்து, "இங்கன உக்காந்து முடிச்சிர்றேன் தம்பி, வீட்டுக்குப் போனா ஓடாது" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரில் ஒருவர் வேலை செய்யும்போது நான் சும்மா இருக்க முடியவில்லை. பில் கட்டை எடுத்தேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றியதும் மேலே இருந்தது சின்னாளபட்டி பார்ட்டியின் பில். மழையில் நனைந்து ஜிஎஸ்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அழிந்திருந்தது. போன் போட்டு எண் கேட்டால் பழைய பாக்கிப் பேச்சும் வரும். பன்னிரண்டு நாளாகக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுவது இந்த ஒரு பில்தான். நான் அதையே கையில் வைத்திருப்பதைப் பார்த்து அக்கா, "அத ஓரமா வைங்க தம்பி, மத்ததப் போடுங்க" என்றார். ஒன்றே கால் மணி நேரத்தில் தொண்ணூறு பில் ஏறியது. கடிகாரம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். எதை ஓரமாக வைக்கலாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

என் தேர்வைத் தீர்மானித்தது அதுகூட இல்லை. எந்த முறையும் ஒருநாள் அறுபடும். சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் பக்கம் ஒரு வாரத்துக்குக் கணக்கு வழக்கு எதுவும் நடக்காது. கல்யாணம், காய்ச்சல் என்று வேறு வரும். அறுந்த பிறகு மறுபடி தொடங்குவது எதில் சுலபம்? பார்க்க வேண்டியது இதை மட்டும்தான் என்பேன். கடிகாரத்தோடு ஒரு நோட்டு வைத்து, முடித்த சுற்றுக்கெல்லாம் கோடு போட்டு வந்தேன். ஐந்து நாள் காலியாகக் கிடந்ததும் அந்த நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. பில் கட்டோடு தள்ளிப்போட இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. அக்காவிடம் அந்தத் தொல்லை இல்லை. அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பிய பிறகு, "இன்னைக்கு உக்காருவமா தம்பி?" என்றார். விட்ட நாளை இரண்டு பேருமே எண்ணவில்லை. பிச்சிலும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் முதலாண்டு மாணவர்களிடம் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தனியாக இருந்தால் எனக்கு அந்த மன்னிப்பு சுலபத்தில் வருவதில்லை.

குறையும் உண்டு. மகள் பிரசவத்துக்காக அக்கா மூன்று வாரம் திருமங்கலம் போய்விட்டார். அப்போது பழைய கடிகாரம்தான் கைகொடுத்தது, பாதி வேலைக்காவது. ஆள் அமைவதும் பெரிய விஷயம். பேச்சுத் துணைக்கு வருகிறவரோடு இது நடக்காது.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகன் கடிகாரக் கட்சி. "25 நிமிஷம்தான் மாமா எனக்குச் சரி" என்கிறான். ஆனால் அவன் படிப்பது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், தலை குனிந்து படிக்கிறவர்களுக்கு நடுவே. வீட்டில் அதே கடிகாரம் வேலை செய்வதில்லை என்று அவனே சொன்னான். பரீட்சைப் படிப்பில் எனக்கு அனுபவம் கிடையாது; அவன் சொல்வதை அப்படியே சொல்கிறேன். எழுத்து, ஓவியம் மாதிரி வேலைகளுக்கு எதிரில் ஆள் இருந்தால் இடைஞ்சலாகவும் இருக்கலாம்.

என்னைப் போலத் தனிக் கடை வைத்துக் கணக்கில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் ஆளைத் தேடுங்கள், கடிகாரத்தை அப்புறம் பார்க்கலாம். இந்த நான்கு மாதமும் ஆடிட்டர் ஆபீசுக்கு 8-ம் தேதிக்குள் விவரம் போய்விட்டது. தீபாவளி சீசனில் இரவு பத்து வரை இரண்டு கடையிலும் ஆள் இருக்கும். காலை ஏழரைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.