'இலவச எலும்பு முகாம்' என்று நம்பி 18,600 ரூபாய் போச்சு, பிள்ளை வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியம் அந்த முகாம் நடத்தியவர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு 12 வயது. பள்ளியில் கோகோ ஆடுகிறாள். இரண்டு மாதமாக முட்டிக்குக் கீழே வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் இந்த முகாம். சத்து மாவும் சொட்டு மருந்தும் விற்கிற ஒரு கம்பெனி நடத்தியது என்பது பிறகுதான் புரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், மகளின் குதிகாலில் ஜெல் தடவி ஒரு சின்ன மெஷினில் வைத்தார். துண்டுச் சீட்டு வந்தது. எலும்பு வலுவைச் சொல்கிற டி-ஸ்கோர் மைனஸ் 2.6, பக்கத்தில் சிவப்புப் பட்டை.

"அம்மா, பாப்பாவுக்கு எலும்பு பாட்டி எலும்பு மாதிரி இருக்குங்க. வயசுக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணலைன்னா அப்புறம் ஏறவே ஏறாதுங்க" என்றார். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். என் அம்மா இடுப்பு எலும்பு உடைந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போனவர். பாட்டி என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஆறு மாத கோர்ஸ், 18,600 ரூபாய். நின்ற இடத்திலேயே போனில் அனுப்பினேன். பில் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வைட்டமின் டி சொட்டு மருந்து பாட்டிலில் 1 மில்லிக்கு 2,000 யூனிட் என்று போட்டிருக்கிறது. தினமும் 5 மில்லி கொடுக்கச் சொன்னார்கள். 20 நாள் கொடுத்தேன். வலி அப்படியே இருந்ததால் குழந்தைகள் டாக்டரிடம் போனோம்.

டி-ஸ்கோர் என்பது முழுசாக வளர்ந்த இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடுவதாம். வளர்கிற பிள்ளைக்கு அதைப் போடவே கூடாது, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் மகளின் முட்டிக்குக் கீழே இருந்த சின்னப் புடைப்பை விரலால் தொட்டார். அவள் துள்ளினாள். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயராம். ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு, வளரும் எலும்பைத் தசைநார் இழுத்து இழுத்து வருகிற வலி. ஐஸ் வைத்து, ஆட்டத்தைக் கொஞ்ச நாள் குறைத்தால் போதுமாம்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிக்கு 11 நானோகிராம். 20-க்கு மேல் இருக்க வேண்டும், 12-க்குக் கீழே போனால் குறைபாடு. தினமும் 10,000 யூனிட் 20 நாள் உள்ளே போயிருந்தால் இவ்வளவு கீழே நிற்காது என்றார். டாக்டர் சொல்லாமல் இந்த வயதில் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் கொடுக்கவே கூடாதாம். கூடிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும். ஆக லேபிள் நிஜம் என்றால் என் கையாலேயே பிள்ளைக்கு அளவுக்கு மீறிக் கொடுத்திருக்கிறேன். பொய் என்றால் 18,600 ரூபாய்க்கு வெறும் எண்ணெய். வயிறு எரிகிறது. டாக்டர் எழுதியது வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், ஆறு வாரத்துக்கு. மொத்தம் 300 ரூபாய்கூட ஆகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், "டீம்ல பேசிட்டுக் கூப்பிடறோம் மேடம்." மூன்றாம் நாள், "சீல் உடைச்சதை எடுக்க மாட்டோம்." திறக்காத ஒன்பது பாட்டில் இருக்கிறதே என்றேன். "இது மருந்தே இல்ல மேடம், உணவுப் பொருள். டாக்டர்கிட்ட ஏன் காட்டினீங்க?" அன்றைக்குக் கோட்டு போட்டிருந்தவர் யார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அசோசியேஷன் செயலாளரோ, "ஹாலை வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதாங்க" என்கிறார்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. பிள்ளையின் சீட்டில் டி-ஸ்கோர் என்று இருந்தால் கிழித்துப் போடுங்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதிக டோஸ் வைட்டமின் டி வாங்காதீர்கள், பாட்டிலில் எத்தனை யூனிட் என்று பெருக்கிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, இன்று காலை புகார் பதிந்துவிட்டேன்.

பக்கத்துத் தெரு அபார்ட்மெண்ட் வாசலில் அதே பேனர் கட்டியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு, காலை 9 மணி.