புது வண்ணப்பூச்சை நம்பி கியர்பாக்ஸை வாங்கிவிடாதீர்கள்

தொழிற்சாலைக்குள் தண்டவாளத்தில் ஓடும் சரக்கு வண்டிகளைப் பராமரிப்பது என் வேலை. ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் இரையத் தொடங்கியது. திறந்தால் பினியன் எனும் சிறிய பல்சக்கரத்தின் பற்களில் குழிகள். அதுவும் பல்லின் ஒரு முனையில் மட்டும். மறுமுனை புதிதுபோல் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுமை பல்லின் ஓரத்தில் மட்டும் விழுகிறது என்றால் தண்டு சாய்ந்திருக்கிறது. ஆனால் வண்டி உடனே ஓடியாக வேண்டிய நெருக்கடி. வெளிப் பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டேன்.

பத்தே நாளில் பளபளவென்று வந்து இறங்கியது. கூடவே ஒரு சான்றிதழ்: பினியன் கடினத்தன்மை 60 ராக்வெல் சி (உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் அளவுகோல்). இரைச்சலும் அடங்கியிருந்தது. மூன்று மாதம் தாண்டவில்லை, சுமையோடு புறப்பட்ட வண்டி நடுவழியில் நின்றது. மூன்று பற்கள் அடியோடு பெயர்ந்து எண்ணெயில் கிடந்தன.

இம்முறை நானே பிரித்தேன். பேரிங் உட்காரும் துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. அதைக் கடைந்து, புஷ் எனும் உலோக வளையத்தைப் பொருத்தியிருக்க வேண்டும். அவர்களோ துளையின் உட்சுவரில் பஞ்ச் எனும் கூர்முனைக் கருவியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, எழும்பிய மேட்டின்மேல் பேரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். சில நாள் பிடிக்கும். மேடு நசுங்கியதும் பேரிங் ஆடும், தண்டு பழையபடி சாயும். இரைச்சல் அடங்கிய ரகசியம் எண்ணெயில் இருந்தது. கியர்பாக்ஸின் பெயர்ப்பலகை கேட்பது ஐஎஸ்ஓ விஜி 320 என்ற கெட்டித்தன்மைத் தர எண்ணெய். ஊற்றியிருந்தது பாகுபோல் கெட்டியான வேறு ஏதோ ஒன்று. சத்தத்தை விழுங்கிய அந்த எண்ணெய், மேலே இருக்கும் பேரிங்குக்குத் தெறித்து எட்டவே இல்லை.

பினியன் பல்லில் அரத்தை வைத்து இழுத்தேன். சான்றிதழில் உள்ள கடினம் இருந்திருந்தால் அரம் வழுக்கியிருக்கும். இங்கே துகள் உதிர்ந்தது.

பட்டறைக்காரர் சொன்ன பதில்: "நீங்கள் அதிகச் சுமை ஏற்றிவிட்டீர்கள்." உடைந்த பல்லை அவர் முன் வைத்தேன். பல்லின் அடியிலிருந்து வளைவு வளைவாக வரிகள், கடைசியில் சொரசொரப்பான சிறு பகுதி. ஒரே அடியில் ஒடிந்த பல்லில் இந்த வரிகள் இருக்காது. விரிசல் நாள்பட வளர்ந்திருக்கிறது. அதன்பின் அவர் சுமையைப் பற்றிப் பேசவில்லை.

பழுதுக்குக் கொடுப்பவர்கள் பேரிங் துளையின் அளவை முன்னும் பின்னும் எழுதி வாங்குங்கள். கழற்றிய கியரைக் கட்டாயம் திரும்பக் கேளுங்கள். நோயின் காரணம் அதில்தான் இருக்கிறது. மூடி போடும் முன் பற்களில் நீல மை தடவிக் கையால் சுழற்றி, பற்கள் தொடும் பதிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஓடத் தொடங்கிய முதல் நாளே அதிர்வைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் மோட்டார் தண்டுப் பினியனில் 17 பற்கள், வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்று. ஆக நொடிக்கு 408 முறை பற்கள் கோத்துக்கொள்கின்றன; அந்த 408 ஹெர்ட்ஸ் அதிர்வில் என்ன நடக்கிறது என்று மாதாமாதம் ஒப்பிட்டிருந்தால் முன்பே பிடித்திருப்பேன்.

மாற்றுப் பினியன் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். கூடவே அதே சான்றிதழ். தேதி மட்டும் மாறியிருக்கிறது.