1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி: மீட்டர் முள்ளும் பின் ஆக்சிலும்

டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி என்ற அமெரிக்கக் காரைப் பற்றி எழுதுபவர்கள் 440 மேக்னம் என்ஜினில்தான் தொடங்குவார்கள். 375 குதிரைத்திறன், 3,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 480 பவுண்டு-அடி இழுவை. அந்த என்ஜின் மேல் எனக்கும் ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர்களையும், யாரும் குனிந்து பார்க்காத பின் ஆக்சிலையும் பற்றி. இந்த வண்டியைக் கண்காட்சிக்கு மட்டும் எடுத்துப் போகாமல் ரோட்டில் ஓட்ட விரும்புகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான். ஒன்றில் கை வைத்தால் மற்றதன் கணக்கும் மாறிவிடும்.

என்னுடையது டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலையில் செய்த வண்டி. வின் எண் (வண்டியின் அடையாள எண்) ‘எக்ஸ்எஸ்29எல்9பி’ என்று தொடங்கும்: எக்ஸ்எஸ் என்றால் சார்ஜர் ஆர்/டி, எல் என்றால் 440 என்ஜின், 9 என்றால் 1969, பி என்றால் ஹாம்ட்ராம்க். மூன்று கியர் டார்க்ஃப்ளைட் 727 ஆட்டோமேட்டிக், பின்னால் கிரைஸ்லரின் எட்டே முக்கால் அங்குல ஆக்சில்.

எனக்கு முன்பு வைத்திருந்தவர், பிக்கப் கூடட்டும் என்று ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனை 3.91 விகிதத்துக்கு மாற்றியிருந்தார்; அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, என்ஜின் பக்கத்து ஷாஃப்ட் 3.91 சுற்று சுற்ற வேண்டும். ஆலையில் இருந்து வந்தது 3.23. மாற்றிய பட்டறை, ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுற்றும் சின்ன பிளாஸ்டிக் பினியனை (பற்சக்கரத்தை) தொடவே இல்லை. இந்த வண்டியில் வேகத்தை அளப்பது சக்கரத்தில் அல்ல. கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை அந்தப் பினியன் கேபிளுக்குச் சொல்கிறது. அதே வேகத்துக்கு 3.91-இல் அந்த ஷாஃப்ட் 21 சதவீதம் அதிகமாகச் சுற்றும். முள்ளும் அதே 21 சதவீதம் ஏறி நிற்கும். உண்மையில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 73-ஐத் தொடும். ஐ-75 நெடுஞ்சாலையில் 70 மைல் வரம்பை நம்பி முள்ளை 70-இல் நிறுத்தினால் நிஜ வேகம் 58தான். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஓடோமீட்டரையும் அதே கேபிள்தான் சுற்றுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் கேலனுக்கு 12 மைல் கிடைப்பது போலத் தெரியும். உண்மையில் கிடைப்பது 10. பழைய வண்டி விற்கிறவர் சொல்லும் மைலேஜை நம்புவதற்கு முன், ஆக்சில் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

முள் சரியா என்று பார்க்க ஜிபிஎஸ் போதும். அதுகூட வேண்டாம் என்றால் நெடுஞ்சாலை ஓரத்து மைல் கல்லும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும்: 60-இல் சீராக ஓட்டினால் ஒரு மைலுக்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும். பெரிதாக விலகினால் ஆக்சிலின் உண்மையான விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இணைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ‘ஷூர் கிரிப்’ என்ற வழுக்கல் தடுப்பு அமைப்பு இருக்கும் ஆக்சிலில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு ஷாஃப்ட் மூன்றே காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 3.23, மூன்றரையைச் சற்றுத் தாண்டினால் 3.55, நான்கைத் தொடாமல் நின்றால் 3.91. ஷூர் கிரிப் இல்லையென்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும்.

சரி, எந்த விகிதம் நல்லது? 3.91-ஐயும் ஓட்டியிருக்கிறேன், இப்போது 3.23-ஐயும் ஓட்டுகிறேன். டார்க்ஃப்ளைட்டில் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் என்ஜினை மெதுவாகச் சுற்ற விடும் கியர்) கிடையாது; டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று. 26 அங்குல உயர டயரில் 70 மைல் வேகத்துக்கு 3.91 ஆக்சில் என்ஜினை 3,500-க்கு மேல் சுற்ற வைக்கிறது. 3.23 போட்டால் சுமார் 2,900. காகிதத்தில் 600 சுற்றுதான் வித்தியாசம். வண்டிக்குள் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாமா, கத்த வேண்டுமா என்ற வித்தியாசம் அது.

முதல் கியரில் 3.91-க்கு மொத்தப் பெருக்கம் 9.58 (2.45 பெருக்கல் 3.91). 480 பவுண்டு-அடி இழுவைக்கு மேல் அவ்வளவு பெருக்கம் வந்தால் சாலை டயர் தாங்காது. அழுத்தினால் புகைதான் வரும், வண்டி நகராது. 3.23-இல் அதே கணக்கு 7.91. டயர் பிடிக்கிறது, வண்டி பாய்கிறது. இழுவை குறைந்த சின்ன என்ஜின்களுக்குத்தான் உயர்ந்த விகிதம் கைகொடுக்கும். கால் மைல் பந்தயத் தளத்துக்கு ஸ்லிக் டயரோடு (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) போகிறவருக்கு 3.91 சரி. மற்றபடி 440-க்கு 3.23 போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர் 3.55 வரை போகலாம்.

விகிதம் மாற்றுவதற்கு இந்த ஆக்சில் போல வசதியானது அரிது. கிரவுன்-பினியன் மொத்தமும் ஒரே நடுத்துண்டாக முன்பக்கமாகக் கழன்று வரும். இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் இழுத்துவிட்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் துண்டை அப்படியே இறக்கிவிடலாம். ஆனால் கனம் அதிகம், தனியாக இறக்க வேண்டாம். வார்ப்பில் இருக்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 741, 742, 489 என்று மூன்று வகை. 489-இல் பினியன் பேரிங் இறுக்கத்தை நசுங்கும் ஸ்லீவ் தீர்மானிக்கிறது. மற்ற இரண்டிலும் ஷிம் எனப்படும் மெல்லிய தகடு. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள், மூன்றிலும் பினியன் தண்டின் அளவு வேறு.

எனக்கு 489 துண்டை 3.23-க்குக் கட்டித் தந்தவர் டெட்ராய்ட்டை அடுத்த வாரன் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் தனியாக வேலை செய்யும் பெரியவர். அவருக்கு என்னால் முழு மதிப்பெண் தர முடியும். பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றி, தொடும் தடம் பல்லின் நடுவில் விழும் வரை, பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஷிம்மை மாற்றிக்கொண்டே இருந்தார். தடம் விளிம்புக்குப் போனால் ஆக்சில் ஊளையிடும். என்னுடையது எந்த வேகத்திலும் சத்தம் போடுவதில்லை. ஷூர் கிரிப்புக்கான தனி எண்ணெய்ச் சேர்க்கையையும் அவரே ஊற்றித் தந்தார்; அது இல்லாவிட்டால் திருப்பத்தில் கிளட்ச் தட்டுகள் கடகடக்கும்.

ஸ்பீடோமீட்டர் பினியனிடம் அவர் காட்டிய கவனம் பெரியது. பல் எண்ணிக்கை ஆக்சில் விகிதத்தோடு நேராக ஏறி இறங்கும்: 3.91-க்கு 39 பல் வேண்டும் என்றால் 3.23-க்கு 32. அது உட்காரும் உறை மையம் விலகிய துளை கொண்டது. பல் எண்ணிக்கைக்கு ஏற்ப உறையைத் திருப்பிச் சரியான குறியில் நிறுத்த வேண்டும். பினியனை மட்டும் மாற்றி உறையைத் திருப்பாமல் விட்டால் பல் சரியாகக் கடிக்காமல் தேய்ந்துபோகும். இப்போது என் முள் ஜிபிஎஸ்ஸோடு 70 வரை ஒரு மைலுக்குள் ஒத்துப்போகிறது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கேபிள் மீட்டருக்கு இது அருமையான துல்லியம்.

மற்ற மீட்டர்கள் பற்றி அவ்வளவு நல்ல செய்தி இல்லை. பெட்ரோல், வெப்பம், எண்ணெய் அழுத்தம் மூன்றும் வெப்பத்தால் வளையும் தகட்டில் இயங்குபவை. 12 வோல்ட்டை விட்டு விட்டுத் துண்டித்துச் சராசரியாக 5 வோல்ட் தரும் சின்ன லிமிட்டர் ஒன்று அவற்றுக்குப் பொது. மூன்று முள்ளும் ஒன்றாக ஏறினாலோ ஒன்றாக இறங்கினாலோ ரேடியேட்டரைச் சந்தேகிக்காதீர்கள், லிமிட்டரை மாற்றுங்கள். எலக்ட்ரானிக் மாற்று கிடைக்கிறது. போட்ட பிறகு முள் துடிப்பதில்லை. ஒரு முள் மட்டும் தவறினால் அதன் சென்டரை (அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் பாகம்) பாருங்கள். பெட்ரோல் சென்டர் டாங்கி நிறைந்தால் 10 ஓம் அருகிலும், காலியானால் 70-க்கு மேலும் காட்ட வேண்டும். புதிதாகச் செய்து விற்கும் சென்டர்களில் பல இந்த அளவுக்குள் வருவதில்லை, போடுமுன் மல்டிமீட்டரில் பார்ப்பது நல்லது. 19 கேலன் டாங்கியில் கால் பங்கு என்று முள் சொன்னாலே நான் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்துவிடுவேன்.

நடுவில் கடிகாரம், சுற்றி என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் என்று அமைந்த ‘டிக்-டாக்-டாக்’ பார்க்க அழகு. ஓட்டும்போது கடிகார முட்களுக்கு இடையில் ஆர்பிஎம் முள்ளைத் தேட வேண்டியிருக்கிறது. அதைச் சரிபார்க்க ஒரு கணக்கு: மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, அங்குலத்தில் டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்பிஎம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை என்ஜினோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கலால் டாக்கோ கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டக் கூடாது.

கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் மட்டும் எனக்குப் பிடிக்காத பாகம். சார்ஜிங் கரண்ட் முழுவதும் ஃபயர்வாலில் (என்ஜின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலான தடுப்பு) இருக்கும் கனெக்டர் வழியாக டாஷ்போர்டுக்கு வந்து திரும்புகிறது. பழைய டெர்மினல் துருவேறினால் சூடேறி உருகும். வாங்கினால் முதல் வாரமே அந்த கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கருகிய தடம் இருந்தால் ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிப் பக்கத்துக்கு ஃபியூசிபிள் லிங்க்கோடு (கரண்ட் அதிகமானால் உருகித் துண்டிக்கும் ஒயர்) தனி ஒயர் இழுத்து, அம்மீட்டரின் உள்பாகத்தை வோல்ட்மீட்டராக மாற்றிவிடுங்கள். முகப்புத் தகடு பழையபடியே இருக்கும், வெளியே வித்தியாசம் தெரியாது.