டப்பா பிறப்பதற்கு முன்பே பிறந்த சான்றிதழ்: மதுரையில் ஒரு சப்ளிமெண்ட் கடை

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ந்த சிறிய அறையாக இருக்கிறது இந்தக் கடை. புரதப்பொடி, கிரியாட்டின், வைட்டமின் மாத்திரை, பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் ‘ப்ரீ வொர்க்அவுட்’ தூள் என்று ஜிம்முக்குப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் இங்கே கிடைக்கும். சென்ற மாதம் மூன்று முறை போய்வந்தேன். கடையின் பெயரையும் நான் வாங்கிய டப்பாவின் பெயரையும் எழுதவில்லை. தவறு கடைக்காரருடையதா, அவருக்குச் சரக்கு அனுப்புகிறவருடையதா, டப்பாவில் பெயர் போட்டுக்கொண்ட நிறுவனத்துடையதா என்று தீராத நிலையில் ஒருவர் தலையில் பழியைப் போடுவது நியாயமாகாது.

நான் ஜிம் ஆள் இல்லை; கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை எழுதிப் பிழைப்பவன். என் அண்ணன் மகனுக்காகத்தான் போனேன். அண்ணா பிறந்தநாளை ஒட்டிப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் மிதிவண்டிப் போட்டியில் சாதாரண சைக்கிளிலேயே பரிசு வாங்கியவன் அவன். அதன்பின் வீட்டில் அடம்பிடித்துக் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அழகர்கோயில் சாலையில் பெரியவர்களோடு ஓட்டப் போகிறான். அங்கே யாரோ இந்தத் தூளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். “எல்லாரும் குடிக்கிறாங்க சித்தப்பா, நான் மட்டுந்தான் வாழைப்பழத்தத் தின்னுட்டுப் போறேன்” என்றான்.

அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது. ஜூலை பிறந்தால் சோற்றுத் தட்டோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க உட்கார்ந்துவிடும் வழக்கம் எனக்கு இருபது வருடத்துக்கு மேலாக உண்டு. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் இ.பி.ஓ. என்ற மருந்து தொழில்முறை சைக்கிள் உலகத்தில் தண்ணீராய் ஓடிய தொண்ணூறுகளில், பிடிபட்டவர்களில் பலர் பின்னாளில் சொன்ன சமாதானம் இந்த ஒரே சொல்தான். 1998 ஜூலையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட், கார் நிறைய இ.பி.ஓ.வும் வளர்ச்சி ஹார்மோனும் வைத்துக்கொண்டு பெல்ஜியம் எல்லை அருகே பிரெஞ்சுச் சுங்கத்துறையினரிடம் மாட்டினார். அன்றைக்கு வெளியே தெரிந்தது ஒரு காரில் இருந்த சரக்கு மட்டுமே.

கடைக்கு வருகிறேன். முதல் நாள் எனக்குக் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. வெயில் படாத இடத்தில் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். காலாவதி தேதி நெருங்கியவற்றைத் தனித் தட்டில் வைத்து, அதை வெளிப்படையாக எழுதி, விலையைக் குறைத்திருந்தார்கள். மளிகைக் கடைகளில்கூட இந்த ஒழுங்கைக் காண்பது அரிது. விலை ஆன்லைனைவிட நூறு, நூற்றைம்பது ரூபாய்தான் கூடுதல். கையோடு கணினி ரசீது. கல்லாவில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும், பதற்றமில்லாத பேச்சு. நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஊசி கிடைக்குமா என்று கேட்டான். அறுவை சிகிச்சையின்போது விழுந்துவிடும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவதற்கான மெஃபென்டெர்மின் ஊசியை உடற்பயிற்சிக்காகப் போட்டுக்கொள்ளும் கூத்து தமிழ்நாட்டில் நடக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா தடை செய்த பொருள்களில் அதுவும் ஒன்று. “அதெல்லாம் நம்ம கடையில வச்சுக்கிறதில்ல தம்பி, வேற எங்கயும் கேக்காத” என்று கடைக்காரர் சொன்ன விதத்தில் நடிப்பு இல்லை. அதை முழு மனத்தோடு அவர் பக்கத்தில் எழுதுகிறேன்.

300 கிராம் தூள், 1,850 ரூபாய். டப்பாவின் பின்புறத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் படித்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தது, மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் இருந்தது, தயாரித்த மாதம் ஜூன் என்று இருந்தது. பொருள் பட்டியலில் காஃபின், பீட்டா அலனின் இவற்றுக்குக் கீழே ‘தனிக் கலவை’ என்று ஒரு வரி. அந்தக் கலவையில் எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. கல்யாண வீட்டுச் செலவுக் கணக்கில் ‘இதர செலவுகள்’ என்று ஒரே வரியில் ஒரு லட்சத்தை எழுதி வைப்பார்களே, அதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இது வீண் சந்தேகம் என்று நினைப்பவர்கள் ஸ்பெயின் சைக்கிள் வீரர் ஆல்பெர்ட்டோ கான்டடோரின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010 டூர் டி பிரான்ஸை வென்ற அவருடைய சிறுநீரில், ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம் அளவுக்கு ‘கிளென்பியூட்டரால்’ என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. பிகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஸ்பெயினிலிருந்து வாங்கி வந்த மாட்டிறைச்சியால் வந்த வினை என்றார் அவர். 2012 பிப்ரவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் பட்டத்தைப் பறித்துத் தீர்ப்பு எழுதியபோது, இறைச்சியையும் ரத்தம் ஏற்றிக்கொண்டதையும்விட, அசுத்தம் கலந்த ஊட்டச்சத்துப் பொருள் வழியாக வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று சொல்லியது. எப்படி வந்தது என்பது வேறு, உடம்பில் இருந்தால் வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. ஜூலையில் எடுத்த மாதிரியின் முடிவு செப்டம்பர் கடைசியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது என்பதையும், அந்த இடைவெளியில் எழுந்த முணுமுணுப்பையும் நான் மறக்கவில்லை.

ஆகவே கடைக்காரரிடம், இந்தத் தயாரிப்புத் தொகுதிக்கு (பேட்ச்) ஆய்வகச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குண்ணே” என்று கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய, லேமினேஷன் செய்த தாளைக் காட்டினார். தடை செய்யப்பட்ட பொருள்கள் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தியிருந்தது. அதிலிருந்த தொகுதி எண் வேறு. டப்பாவில் இருந்த எண் வேறு. சான்றிதழின் தேதி மார்ச் 14. “எல்லா டப்பாவுக்கும் அது ஒன்னுதாண்ணே, இதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார். கேட்டவன் நான் ஒருவன்தான் என்பதை நம்புகிறேன். இந்தத் தொகுதிக்கு உரியதைக் கம்பெனியிடம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். சீல் உடைப்பதில்லை என்ற பேச்சோடு பணம் கட்டினோம்.

மறுநாள் மாலை படம் வந்தது. அதே தாள்தான். இப்போது தொகுதி எண் எங்கள் டப்பாவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. ஆனால் தாள் முழுவதும் ஸ்கேன் செய்த சாம்பல் பூத்த கறுப்பில் எழுத்துகள் இருக்க, அந்த எண் மட்டும் பளிச்சென்று, வரியிலிருந்து ஒரு மயிரிழை கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. எண்ணை மாற்றியவர் தேதியை மறந்துவிட்டார். மார்ச் 14 அப்படியே இருந்தது. ஜூனில் தயாரான பொடிக்கு மூன்று மாதம் முன்னதாகவே, மார்ச்சில் சோதனை நடந்து முடிந்துவிட்டது.

தணிக்கையில் இதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஒரு வருடத்துச் செலவுச் சீட்டுகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மையில் இருந்தால் அவை மார்ச் 31 இரவில் எழுதப்பட்டவை. சைக்கிள் உலகத்தின் பெரிய மோசடிகளும் எனக்கு மருந்தைவிடத் தாள்களாலேயே நினைவிருக்கின்றன. 1999 டூரில் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்ட்டிசோன் வகை மருந்து தென்பட்டது. இருக்கையில் உராய்ந்து வந்த புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்று தயாரானது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ., தன் விதிகளுக்கு மாறாக அதை ஏற்றுக்கொண்டது. சீட்டு முன்தேதியிட்டதுதான் என்று 2013இல் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொள்வதற்குள், ஏழு டூர் பட்டங்களும் வந்து, 2012இல் ஏழும் போயிருந்தன. நடுவே, 1999ஆம் ஆண்டு மாதிரிகளில் இ.பி.ஓ. இருந்தது என்று 2005இல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று வெளியிட்டபோது, யூ.சி.ஐ. நியமித்த ‘சுதந்திரமான’ வழக்கறிஞர் 2006இல் அவரைக் குற்றமற்றவர் என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையின் வரைவில் யூ.சி.ஐ.யும் ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு வழக்கறிஞர்களும் கைவைத்திருந்தார்கள் என்று 2015இல் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. இதே வீரரிடமிருந்து யூ.சி.ஐ. 25,000 டாலரும் 1,00,000 டாலருமாக இரண்டு நன்கொடைகள் வாங்கியிருந்தது. அது லஞ்சம் என்பதற்கு ஆணையம் ஆதாரம் காணவில்லை. சலுகை காட்டப்பட்டது என்று மட்டும் சொன்னது. நான் தணிக்கைக்குப் போகிற சங்கத்தில் டீயும் வடையும் வந்தாலே காசை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன்.

வாட்ஸ்அப் படத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 2011 மே மாதம் மான்செஸ்டரில் பிரிட்டனின் தேசிய சைக்கிள் மையத்துக்கு தடை செய்யப்பட்ட ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பாக்கெட்டுகள் 30 வந்திறங்கின. அணி மருத்துவர் ரிச்சர்ட் ஃப்ரீமேன், அவை தவறுதலாக அனுப்பப்பட்டுத் திரும்பிப் போய்விட்டன என்று விநியோக நிறுவனத்திடமிருந்தே மின்னஞ்சல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மின்னஞ்சல் பொய் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். 2021 மார்ச்சில் மருத்துவத் தீர்ப்பாயம், ஒரு வீரருக்குக் கொடுக்கப்படும் என்று அறிந்தோ நம்பியோதான் அவர் அதை வரவழைத்தார் என்று முடிவு செய்து மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியது. அந்த வீரர் யார் என்ற கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. வேறொரு விசாரணைக்குத் தேவைப்பட்ட சிகிச்சைப் பதிவுகள் இருந்த மடிக்கணினி கிரீஸ் நாட்டில் களவு போய்விட்டதாக அவர் சொல்லியிருந்தது தனிக் கதை.

எல்லாவற்றையும் மறைப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2017இல் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் சிறுநீரில் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்த செய்தி பத்திரிகைகள் வழியாகக் கசிந்தபோது ஊரே ஒளித்துவிட்டார்கள் என்று கத்தியது. அந்த வகை மருந்துக்கு விளக்கம் கேட்டு முடிக்கும் வரை ரகசியம் காப்பது விதியிலேயே இருந்தது. 2018இல் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நம் வீட்டு அலமாரியிலும் இப்படிப்பட்ட குழி இருக்கிறது. இருமலுக்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் பல சிரப்புகளில் உள்ள டெர்பியூட்டலின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் தேடிப் பார்த்துவிட்டு அண்ணி அந்த பாட்டிலைப் பையன் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

மூன்றாம் முறை டப்பாவோடு போனேன். படத்தைக் காட்டித் தேதியின்மேல் விரலை வைத்தேன். கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார், ஒருகணம் பேசவில்லை. “எனக்கு ஏஜெண்ட் அனுப்புனத அப்பிடியே தட்டிவிட்டேண்ணே” என்றார். உண்மையாகவே இருக்கலாம். சீல் உடைக்காததால் மறுபேச்சின்றி 1,850 ரூபாயையும் ஜி-பேயில் திருப்பி அனுப்பினார். இதுவும் எல்லாக் கடையிலும் நடக்கிற காரியம் இல்லை. ஏஜெண்டிடம் கேட்பீர்களா என்றேன். கேட்பதாகச் சொன்னார். சுவரில் மார்ச் 14 தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்கிறவர், பெரிய நிறுவனங்களின் சாதாரணப் புரதப்பொடியை வாங்க வேண்டுமென்றால் இந்தக் கடைக்குப் போகலாம். விலையும் இருப்பும் பேச்சும் நன்றாகவே இருக்கின்றன. வாகனம் நிறுத்த இடம் கிடையாது, மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் சைக்கிளைக்கூடச் சாய்க்க முடியாது. என்றாவது சோதனைக் குடுவையின் முன் நிற்கப்போகிற பிள்ளைக்கு, ‘தனிக் கலவை’ வரி உள்ள எதையும் இங்கே வாங்க நான் சொல்லமாட்டேன். தொகுதி எண்ணும் தேதியும் பொருந்துகிற தாள் கையில் வந்தால் மாற்றிச் சொல்கிறேன்.

பையன் பழையபடி வாழைப்பழத்தோடும் வறுத்த கடலையோடும்தான் அழகர்கோயில் போகிறான். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அன்று அவனுக்குக் குலுக்கிக் குடிக்கும் பாட்டில் ஒன்றை 220 ரூபாய்க்கு வாங்கினேன். எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடுத்தனுப்புகிறார் அண்ணி, இதுவரை ஒழுகவில்லை.